கணக்கில் தப்பில்லை, விடையில் தப்பு எப்படி?

பெங்களூரு அல்சூரிலிருந்து பி.யு.சி. மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "√(அ + 6) = அ என்ற சமன்பாட்டைத் தீர்த்தால் 3, −2 என்று இரண்டு விடை வருகிறது. −2-ஐ அடித்துவிடச் சொல்கிறார்கள். வழியில் எங்கேயும் தப்புச் செய்யாதபோது தப்பான விடை எப்படி வந்தது?"

இருபுறமும் வர்க்கப்படுத்தினால் அ + 6 = அ². அதாவது அ² − அ − 6 = 0. காரணிப்படுத்த, (அ − 3)(அ + 2) = 0. இதில் −2-ஐ முதல் சமன்பாட்டில் போட்டால் இடப்புறம் √4, அதாவது 2. வலப்புறம் −2. √ குறி மிகை மூலத்தை மட்டுமே தரும் என்பதால் இது ஒட்டாது.

பிறகு −2 எங்கிருந்து நுழைந்தது? அதற்குச் சார்பு (function) என்றால் என்ன என்று பார்க்க வேண்டும். சார்பு என்பது ஓர் எண்ணைக் கொடுத்தால் ஒரே ஓர் எண்ணைத் திருப்பித் தரும் விதி. பெங்களூரு ஆட்டோ மீட்டர் ஒரு சார்புதான் (மீட்டர் போட்டால்!). 2025 ஆகஸ்ட் முதல், முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 18. மீட்டர் 54 காட்டினால் போன தூரம் 3 கிலோமீட்டர். 36 காட்டினால்? ஒன்றா, ஒன்றரையா, சொல்ல வழியில்லை. வர்க்கமும் இப்படித்தான்: 9 என்ற எண்ணைப் பார்த்து, உள்ளே போனது 3-ஆ, −3-ஆ என்று கண்டுபிடிக்க முடியாது. குறி தொலைந்துவிடுகிறது.

அது தொலைவதை வரைபடத்தில் கண்ணால் பார்க்கலாம். √(அ + 6)-இன் வளைகோடு (−6, 0)-இல் தொடங்கி, (−5, 1), (−2, 2), (3, 3) வழியாக மெல்ல ஏறும். படுத்த பரவளையத்தின் மேல்பாதி அது. வலப்புறத்துக்கு, ஆதிப்புள்ளி (0, 0) வழியாக 45 பாகை சாய்ந்து செல்லும் நேர்கோடு. இரண்டும் (3, 3)-இல் மட்டுமே வெட்டுகின்றன. வர்க்கப்படுத்திய கணமே பரவளையத்தின் கீழ்பாதியும் முளைத்துவிடுகிறது. நேர்கோடு கீழே இறங்கி அந்தப் பாதியை (−2, −2)-இல் வெட்டுகிறது. ஆக, −2 வெறும் பிழையல்ல; −√(அ + 6) = அ என்ற வேறொரு சமன்பாட்டின் சரியான விடை. இரண்டையும் வர்க்கப்படுத்தினால் ஒரே சமன்பாடுதான் கிடைக்கும். டெஸ்மாஸ், ஜியோஜீப்ரா என்ற வரைபடச் செயலிகள் இரண்டும் இலவசம், வரைந்து பாருங்கள்.

வகுப்பில் இதைச் சொல்லாமல் "கடைசியில் சரிபார்" என்று சடங்குபோல் சொல்லிக்கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. வர்க்கப்படுத்தும் முன்பே, 'வலப்புறம் ஒரு வர்க்கமூலத்துக்குச் சமம், எனவே அ ≥ 0' என்று ஓரத்தில் எழுதிவிட்டால் −2 தானாக விழும். √(2அ + 3) = −5 என்று கேட்டால் பேனாவையே எடுக்க வேண்டாம், தீர்வில்லை. யோசிக்காமல் வர்க்கப்படுத்துபவருக்கு 11 கிடைக்கும்.

கனப்படுத்தும்போது இந்தத் தொல்லை கிடையாது. மெய்யெண்களில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரே கனமூலம்தான். மடக்கையில் (log) மறுபடியும் வரும்: 10-ஐ அடிமானமாக வைத்து மடக்கை அ + மடக்கை (அ − 3) = 1 என்பதைத் தீர்த்தால் 5, −2. குறை எண்ணுக்கு மடக்கை இல்லாததால் 5 மட்டுமே நிற்கும்.

இதற்கு நேரெதிரான விபத்துதான் மோசம். அ² = 3அ என்பதில் இருபுறமும் அ-ஆல் வகுத்தால் 3 கிடைக்கும், 0 காணாமல் போய்விடும். சரிபார்த்தாலும் பிடிபடாது, மிஞ்சிய 3 அழகாகப் பொருந்தும். வகுக்காமல் எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்து அ(அ − 3) = 0 என்று எழுதுங்கள்.