வலி போனதும் காணாமல் போகிறவர்களுக்கு

போன வாரம் ஒருவர் வந்தார். ஐந்து மாதம் முன்பு கீழ்க் கடைவாய்ப்பல்லில் ரூட் கெனால் ஆரம்பித்து, முதல் சிட்டிங்கோடு நின்றுபோனவர். தற்காலிக அடைப்பு எப்போதோ விழுந்து, பல் வேர்வரை பிளந்திருந்தது. பிடுங்கத்தான் வேண்டியிருந்தது. "வலி போயிடுச்சே டாக்டர், அதான் வரல" என்றார். இந்த மாதம் இதே பதிலைச் சொன்ன மூன்றாவது ஆள்.

கூட வந்த மனைவி விடவில்லை. "மத்தவங்க ஒரே நாள்ல முடிக்கிறாங்களாமே, நீங்க ஏன் இழுக்குறீங்க?"

அம்மா, நான் காசு வாங்குவது பல்லுக்கு, வருகைக்கு அல்ல. மூன்று தடவை வரவழைத்தால் எனக்குத்தான் நேரம் நஷ்டம். ஒரே நாளில் முடிப்பது மட்டமான வேலை என்றும் சொல்ல மாட்டேன். இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளை அலசும் சர்வதேச அமைப்பு) அறிக்கையில், வேர் நுனிப் புண் ஆறுவதில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஒரே சிட்டிங்கில் முடித்தவர்களுக்கு முதல் வாரம் வலி கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

எத்தனை சிட்டிங் என்பதைப் பல்தான் சொல்லும். நரம்பில் இன்னும் உயிர் இருக்கிற முன்பல் என்றால் அன்றைக்கே முடித்து அனுப்பிவிடுவேன். துடைக்கத் துடைக்கச் சீழ் கசிந்தால், முகம் வீங்கியிருந்தால், உள்ளே கிருமியைக் கொல்லும் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தை வைத்து ஒன்றிரண்டு வாரம் காத்திருக்கத்தான் வேண்டும். மேல் முதல் கடைவாய்ப்பல்லில் ஒளிந்திருக்கும் நான்காவது வேர்க் கால்வாயை (நரம்பு ஓடும் குழாய்) தேடியே எனக்கு ஒரு காலைப்பொழுது போனதுண்டு.

வலி போனது குணமானதால் அல்ல. வலியைச் சொல்லும் நரம்பை எடுத்துவிட்டோம், உள்ளே அழுத்தமும் குறைந்துவிட்டது. கிருமி அங்கேயேதான் இருக்கிறது. மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். நரம்பு செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டமே கிடையாது, மாத்திரை எந்த வழியாகப் போய்ச் சேரும்?

அடைப்பு உதிர்ந்தால் அன்றே போன் செய்யுங்கள். அந்தப் பக்கம் முறுக்கும் எலும்பும் வேண்டாம். சர்க்கரை இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ மறைக்காதீர்கள். கடைவாய்ப்பல் என்றால் கேப் போட்ட பிறகுதான் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

அப்புறம், வெளியூர் போகிறவர்கள் தயவுசெய்து முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒரே நாளில் முடிக்கக்கூடிய பல்லா என்று பார்க்கிறேன். இல்லையென்றால் எக்ஸ்ரேயோடு, இதுவரை செய்ததையும் எழுதித் தருகிறேன். போகிற ஊரில் தொடர்ந்துகொள்ளலாம்.