செய்யாத குற்றத்துக்கு வாக்குமூலம் உருவாகும் விதம்

சென்னையில் ஒரு கொலையோ வழிப்பறியோ நடந்த இரண்டொரு நாளில் செய்தித்தாள்களில் வரும் வரிகள் நமக்கெல்லாம் மனப்பாடம். சந்தேகத்தின் பேரில் ஒருவரைப் பிடித்து விசாரித்தபோது அவர் முன்னுக்குப் பின் முரணாகப் பேசினார். போலீசார் நடத்திய கிடுக்கிப்பிடி விசாரணையில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவர் அளித்த பரபரப்பு வாக்குமூலம் வருமாறு. அதைப் படித்து முடிக்கும்போது வழக்கும் நம் மனத்தில் முடிந்துவிடுகிறது. ஆயுள் தண்டனை கிடைக்கக்கூடிய குற்றத்தைச் செய்யாதவர் யாராவது "நான்தான் செய்தேன்" என்று சொல்வார்களா என்று நாம் நினைக்கிறோம். சொல்வார்கள் என்பதையும், எப்படிச் சொல்ல வைக்கப்படுகிறார்கள் என்பதையும் கடந்த 40 ஆண்டுகளில் உளவியல் ஆய்வுகள் மிகத் தெளிவாகக் காட்டியிருக்கின்றன.

அமெரிக்காவில் தண்டனை பெற்றுப் பின்னர் மரபணுச் சோதனையால் நிரபராதிகள் என்று நிரூபிக்கப்பட்டவர்கள் 2020 வரையிலான கணக்கின்படி 375 பேர். அவர்களில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினரின் வழக்குகளில் பொய்யான ஒப்புதல் வாக்குமூலம் இருந்தது. 1989-இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண் கொடூரமாகத் தாக்கப்பட்டுப் பாலியல் வன்முறைக்கு உள்ளான வழக்கு இவற்றில் மிகவும் அறியப்பட்டது. 14 முதல் 16 வயது வரையிலான ஐந்து சிறுவர்கள் பல மணி நேர விசாரணைக்குப் பின் குற்றத்தில் தங்களுக்குப் பங்கு இருப்பதாகச் சொன்னார்கள். நால்வரின் வாக்குமூலம் வீடியோவில் பதிவானது. சம்பவ இடத்தில் கிடைத்த மரபணு ஐவரில் எவருடையதுடனும் பொருந்தவில்லை என்பது வழக்கு நடக்கும்போதே தெரிந்திருந்தும் ஐவரும் தண்டிக்கப்பட்டனர். 2002-இல், வேறு குற்றங்களுக்காகச் சிறையில் இருந்த ஒருவர் தான் தனியாகவே அதைச் செய்ததாகக் கூறினார். மரபணு அவருடையதுடன் பொருந்தியது. அதன் பிறகே தண்டனைகள் ரத்தாயின.

அடிக்குப் பயந்து ஒப்புக்கொள்வது நமக்கு எளிதில் விளங்குகிறது. அடியே இல்லாமலும் இது நடக்கிறது என்பதுதான் விளங்கிக்கொள்ள வேண்டிய பகுதி. விசாரணை அறையில் நேரம் வேறு விதமாக ஓடுகிறது. தூக்கமில்லை, வீட்டாரைப் பார்க்க முடியாது, எத்தனை முறை மறுத்தாலும் அதே கேள்வி திரும்பி வருகிறது. அந்த நிலையில் "ஒப்புக்கொண்டால் இப்போதே முடிந்துவிடும்" என்பது கண்ணெதிரே இருக்கும் பலன். பல மாதங்கள் கழித்து வரப்போகும் தண்டனையோ வெகு தொலைவில், நடக்குமா நடக்காதா என்ற மங்கலில் இருக்கிறது. களைத்துப்போன மூளை அருகில் இருக்கும் நிம்மதியைத் தேர்ந்தெடுக்கிறது. நிரூபிக்கப்பட்ட 125 பொய் வாக்குமூலங்களை ஸ்டீவன் டிரிசினும் ரிச்சர்ட் லியோவும் ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டபோது, நேரம் தெரிந்த வழக்குகளில் விசாரணை சராசரியாக 16 மணி நேரத்துக்கும் மேல் நீண்டிருந்தது தெரியவந்தது. தூக்கத்தின் பங்கை 2016-இல் வந்த ஓர் ஆய்வு நேரடியாகவே அளந்தது. கணினியில் அழுத்தக் கூடாது என்று எச்சரிக்கப்பட்ட ஒரு விசையை அழுத்திவிட்டதாக, அழுத்தாதவர்களிடம் எழுதப்பட்ட தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். நன்றாகத் தூங்கியவர்களில் 18 விழுக்காட்டினர் முதல் முறை கேட்டபோதே கையெழுத்திட்டனர். இரவு முழுதும் விழித்திருந்தவர்களில் அது 50 விழுக்காடு.

விசாரணை உத்திகளும் இதே வகையில் சோதிக்கப்பட்டுள்ளன. குற்றத்தைச் சிறியதாக்கிப் பேசுவது ஓர் உத்தி: "நீ வேண்டுமென்று செய்யவில்லை, கோபத்தில் நடந்துவிட்டது, யாருக்கும் நடக்கக்கூடியதுதான்." ஒப்புக்கொண்டால் சலுகை கிடைக்கும் என்று சொல்வது இன்னொன்று. மெலிசா ருசானோவும் சக ஆய்வாளர்களும் 2005-இல் மாணவர்களிடம் நடத்திய சோதனையில், இவை இல்லாதபோது உண்மையாகவே விதியை மீறியவர்களில் 46 விழுக்காட்டினரும் மீறாதவர்களில் 6 விழுக்காட்டினரும் ஒப்புக்கொண்டனர். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தியபோது, மீறியவர்கள் 87 விழுக்காடு, மீறாதவர்கள் 43 விழுக்காடு என்று இரண்டு எண்களுமே ஏறின. கூடுதலான குற்றவாளிகள் சிக்கினார்கள் என்று இதைக் கொண்டாடுவதற்கு இடமில்லை. முதல் நிலையில் உண்மை ஒப்புதல் பொய் ஒப்புதலைப்போல் ஏழு மடங்குக்கும் அதிகம். இரண்டாம் நிலையில் இரண்டு மடங்கு மட்டுமே. அழுத்தம் கூடக் கூட, கையில் இருக்கும் வாக்குமூலத்துக்கு உண்மையைப் பிரித்துக் காட்டும் திறன் குறைகிறது.

நிரபராதியாக இருப்பதே ஒருவரை ஆபத்தில் தள்ளுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். "மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை" என்று நம்புகிறவர் வழக்கறிஞரைக் கேட்பதில்லை. உளவியலாளர் சால் காசினின் ஒரு சோதனையில், வாய் திறக்காமல் இருக்கும் உரிமையை விட்டுக்கொடுத்துப் பேச முன்வந்தவர்கள் குற்றமற்றவர்களில் 81 விழுக்காடு, குற்றம் செய்தவர்களில் 36 விழுக்காடு. ஒப்புக்கொண்ட பிறகும், உண்மை எப்படியும் வெளியே வந்துவிடும் என்றே அப்பாவி எண்ணுகிறார். இன்னும் சிலர் தங்கள் நினைவையே சந்தேகிக்கத் தொடங்குகிறார்கள். பொய்யான சாட்சியம் காட்டப்பட்டால், "எனக்கு நினைவில்லாமல் நான் செய்திருப்பேனோ" என்ற எண்ணம் வேர் பிடிக்கிறது. சிறுவர்களுக்கும் அறிவுத்திறன் குறைந்தவர்களுக்கும் இந்த ஆபத்து மிக அதிகம்.

நீதிபதியும் வாசகரும் வாக்குமூலத்தை நம்புவதற்கு முக்கியக் காரணம் அதில் உள்ள விவரங்கள். குற்றவாளிக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடியவை என்று அவை முன்வைக்கப்படுகின்றன. ஆனால் மரபணுவால் பொய்யென்று நிரூபிக்கப்பட்ட வாக்குமூலங்களைச் சட்டப் பேராசிரியர் பிராண்டன் காரெட் ஆராய்ந்தபோது, அவற்றிலும் பெரும்பாலானவற்றில் அத்தகைய நுணுக்கமான, சரியான விவரங்கள் இருந்தன. அவை எங்கிருந்து வந்தன? கேள்விகளிலிருந்து. கற்பனையாக ஓர் உரையாடலை எடுத்துக்கொள்வோம். "கத்தியை என்ன செய்தாய்?" "எந்தக் கத்தி சார்?" ஆயுதம் கத்தி என்பது இப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது. "பின்பக்கக் கதவு வழியாகத்தானே ஓடினாய்?" வழியும் தெரிந்துவிட்டது. "கூவத்தில் வீசினாயா, எங்கேயாவது புதைத்தாயா?" "கூவத்தில்" என்றதும் முறைக்கிறார்கள், "புதைத்தேன்" என்றதும் எழுதிக்கொள்கிறார்கள். விசாரிப்பவருக்குத் தான் விவரத்தைக் கொடுத்தோம் என்பதே தெரியாமல் இருக்கலாம். கடைசியில் தாளில் கேள்விகள் இருப்பதில்லை. பதில்கள் மட்டும் தொடர்ச்சியான கதையாக, தன்மை ஒருமையில், நிறுத்தற்குறி பிசகாமல் நிற்கின்றன.

அந்தத் தாள் பிறகு மற்றச் சாட்சியங்களையும் கெடுக்கிறது. 2009-இல் நடந்த ஒரு சோதனையில், ஒரு திருட்டைப் பார்த்தவர்கள் வரிசையிலிருந்து ஒருவரை அடையாளம் காட்டினர். வேறொருவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று பின்னர் சொல்லப்பட்டதும் அவர்களில் 61 விழுக்காட்டினர் தாங்கள் காட்டிய ஆளை மாற்றிக்கொண்டனர். இட்டியல் டிரோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், அனுபவமுள்ள கைரேகை நிபுணர்களிடம் அவர்களே முன்பு முடிவு சொன்ன ரேகைகளை மீண்டும் கொடுத்து, சந்தேக நபர் ஒப்புக்கொண்டார் என்பது போன்ற தகவலையும் சேர்த்தபோது சிலர் தங்கள் சொந்த முடிவையே மாற்றினர். ஒன்றையொன்று உறுதிப்படுத்துவதாகத் தோன்றும் மூன்று சாட்சியங்கள் ஒரே வாக்குமூலத்தின் மூன்று நிழல்களாக இருக்கலாம்.

இந்தியச் சட்டம் இந்த ஆபத்தைப் பல நாடுகளுக்கு முன்பே உணர்ந்தது. அதில் சென்னைக்கு ஒரு வேதனையான பங்கு உண்டு. சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த ஆணையம் 1855-இல் அளித்த அறிக்கை, வரி வசூலிலும் காவல் விசாரணையிலும் வதை பரவலாக இருந்ததைப் பதிவு செய்தது. விரல்களை நெரிக்கும் கிட்டியும், உடலை வளைத்துக் கட்டும் அண்ணாந்தாளும் அதில் திரும்பத் திரும்ப வருகின்றன. போலீசாரிடம் அளித்த ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்ற விதி 1861-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வந்து, 1872-இன் சாட்சியச் சட்டத்தில் 25-ஆம் பிரிவாகி, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 23-ஆம் பிரிவாக நீடிக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் நடுவரிடம் (மாஜிஸ்திரேட்) ஒப்புதல் அளிப்பதானால், அது அவருக்கு எதிராகப் பயன்படக்கூடும் என்று நடுவர் எச்சரிக்க வேண்டும். யோசிக்கக் குறைந்தது 24 மணி நேரமாவது தருவது நல்லது என்று உச்ச நீதிமன்றம் 1957-இல் சர்வன் சிங் வழக்கில் கூறியது. ஒப்புதல் தர மறுத்தால் குற்றம் சாட்டப்பட்டவரை மீண்டும் போலீஸ் காவலுக்கு அனுப்பக் கூடாது. உளவியல் சோதனைகள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே வகுக்கப்பட்ட இவை, "இப்போதே முடிந்துவிடும்" என்ற அந்த உடனடிப் பலனைத்தான் குறிவைத்து நீக்குகின்றன. இவ்வளவு ஆழமாகச் சிந்தித்து வகுக்கப்பட்ட பாதுகாப்பு நம் சட்டத்தில் அதிகமில்லை என்பது என் கருத்து.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு வாசலும் திறந்திருக்கிறது. ஒப்புதலின் விளைவாக ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்புக்கு நேரடியாகக் காரணமான பகுதியை மட்டும் சாட்சியமாக ஏற்கலாம். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து, அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்ற புலுகுரி கோட்டையா வழக்கு 1946 டிசம்பரில் இதன் எல்லையை வகுத்தது. "வீட்டுக் கூரையில் மறைத்து வைத்த கத்தியை எடுத்துத் தருகிறேன்" என்பது ஏற்கப்படும். "அந்தக் கத்தியால்தான் குத்தினேன்" என்பது ஏற்கப்படாது. எனவே தமிழ்நாட்டுக் குற்ற வழக்குக் கட்டுகளில் வாக்குமூலங்கள் பெரும்பாலும் "என்னை அழைத்துச் சென்றால் மறைத்து வைத்திருக்கும் இடத்தைக் காட்டி, எடுத்து ஆஜர் செய்கிறேன்" என்ற பாணியிலேயே முடிகின்றன. கூடவே பொருளைக் கைப்பற்றியதைப் பதிவு செய்யும் மகஜரும் இரு சாட்சிகளின் கையெழுத்தும். பொருள் இருந்த இடம் போலீசாருக்கு முன்பே தெரிந்திருந்ததா என்ற கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கிளப்பத் தவறினால் வழக்கு அங்கேயே குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகச் சாய்ந்துவிடக்கூடும். குற்றவாளி தானாகவே கிராம நிர்வாக அலுவலரிடம் சென்று ஒப்புக்கொண்டார் என்ற கதையும் நம் நீதிமன்றங்களுக்குப் பழக்கமானது. முன்பின் தெரியாத ஓர் அதிகாரியிடம் அவர் ஏன் மனம் திறக்க வேண்டும் என்று நீதிபதிகள் பலமுறை ஐயம் எழுப்பியிருக்கிறார்கள்.

பயங்கரவாதத் தடுப்புக்கான தடா போன்ற சிறப்புச் சட்டங்கள் அந்தப் பாதுகாப்பையே எடுத்துவிட்டு, காவல் கண்காணிப்பாளர் பதிவு செய்யும் வாக்குமூலத்தைச் சாட்சியமாக்கின. பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றம் 1998-இல் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்த ராஜீவ் காந்தி கொலை வழக்கில் அத்தகைய வாக்குமூலங்களே முக்கியத் தூண்கள். 1999-இல் உச்ச நீதிமன்றம் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. வெடிகுண்டில் பயன்பட்டதாகச் சொல்லப்பட்ட, தான் வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கென்று தெரியாது என்று அந்த வழக்கில் தண்டிக்கப்பட்ட பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாக, அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரியே பல ஆண்டுகள் கழித்துத் தெரிவித்தார். வாக்குமூலம் முழுப் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஒரு வாக்கியம் விடுபட்டாலே போதும்.

நீதிமன்றம் ஏற்காத வாக்குமூலமும் வாழ்க்கையை அழிக்கும். 2017-இல் குருகிராமின் ஒரு தனியார் பள்ளியில் ஏழு வயதுச் சிறுவன் கொல்லப்பட்ட அன்றே கைதான பேருந்து நடத்துநர், தொலைக்காட்சி கேமராக்களின் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சில வாரங்களில் வழக்கு சிபிஐ வசம் சென்றபோது அவருக்கு எதிராக ஆதாரமே இல்லை. தன்னை வதைத்துச் சொல்ல வைத்ததாக அவர் கூறினார். வழக்கை சிபிஐ எடுக்காமல் இருந்திருந்தால் அவர் கதி என்னவாகியிருக்கும் என்பதை நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது.

தீர்வு புதிரானதல்ல. குண்டுவெடிப்பு வழக்குகளில் பொய் ஒப்புதல்களை வைத்துத் தண்டிக்கப்பட்ட கில்ட்ஃபோர்ட் நால்வர் 1989-இலும் பர்மிங்ஹாம் அறுவர் 1991-இலும் விடுதலையான பிறகு, பிரிட்டன் ஒப்புதலைக் கறப்பதற்குப் பதிலாகத் தகவலைச் சேகரிக்கும் விசாரணை முறைக்கு மாறியது. அங்கு விசாரணை முழுவதும் ஒலிப்பதிவாகிறது. முழுவதும் என்பதுதான் முக்கியம். சென்ட்ரல் பார்க் வழக்கில் கடைசி வாக்குமூலங்கள் மட்டுமே வீடியோவில் இருந்தன. அவற்றுக்கு முந்தைய மணி நேரங்கள் இல்லை. இந்தியாவில் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியுடன் கூடிய சிசிடிவி பொருத்த வேண்டும் என்றும், பதிவுகளை 18 மாதங்கள், இயலாவிட்டால் குறைந்தது ஓராண்டாவது பாதுகாக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உத்தரவிட்டது. கொலை வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் அந்தக் காலம் எளிதில் கடந்துவிடும் என்பதால், உறவினர் ஒருவரை ஸ்டேஷனுக்கு அழைத்துச் சென்ற நாளின் பதிவைப் பத்திரப்படுத்தக் கோரும் மனுவை முதல் ரிமாண்டின்போதே நடுவரிடம் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.