ஒரு இன்ஜின், நாலு வாய்: ஹேரியர் அந்தரத்தில் நின்ற கதை

கோவாவில் டாபோலிம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கடற்படையின் விமான அருங்காட்சியகம் இருக்கிறது. நேராக மேலே எழும்பி அந்தரத்தில் நிற்கக்கூடிய ஹேரியர் போர் விமானத்தின் கடற்படை வகைதான் சீ ஹேரியர். அங்கே நிற்கிற அதைப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் அதன் மூக்குப் பக்கம் நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு அடுத்த விமானத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். பார்க்க வேண்டியது மூக்கை இல்லை, விலாவை. இறக்கைக்குக் கீழே, பக்கத்துக்கு இரண்டாக நாலு நாசில்கள், அதாவது இன்ஜின் ஊதுகிற குழாய் வாய்கள், முழங்கை மாதிரி வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் இருக்கும் நாசிலுக்கு அடுத்து, விமானத்தின் உடம்பிலேயே ஒரு உலோகத் தகடு தனியாகப் பதித்திருக்கும். முன்னால் இருப்பதற்கு அது கிடையாது.

அந்தத் தகடு வெப்பத்துக்காக வைத்தது. முன்னால் இருக்கும் இரண்டு நாசிலிலும் வருவது வெறும் காற்று, அழுத்தியதால் நூறு டிகிரிக்குக் கொஞ்சம் மேலே சூடானது, அவ்வளவுதான். பின்னால் வருவது எரிந்த வாயு, 600 டிகிரியைத் தாண்டும். ஒரே இன்ஜின்தான் இரண்டையும் தருகிறது. பெகாசஸ் என்ற அந்த இன்ஜினைப் புரிந்துகொண்டால் ஹேரியரில் முக்கால்வாசி புரிந்துவிடும், ஏனென்றால் மற்றதெல்லாம் இன்ஜினுக்கு இடம் கொடுத்து ஒதுங்கி நிற்பவைதான்.

நேராக மேலே எழும்ப என்ன வேண்டும்? விமானத்தின் எடையைவிட அதிக விசையோடு காற்றைக் கீழே தள்ள வேண்டும். இது நியூட்டன் சொன்ன கணக்கு, இதில் ரகசியம் ஒன்றுமில்லை. தோட்டத்து ஹோஸ் பைப்பை முழுசாகத் திறந்து கையை விட்டால் அது பாம்பு மாதிரி நெளிந்து பின்னால் எகிறுமே, அதே விசைதான். 1950களின் கடைசியில் இந்த விசையைத் தரக்கூடிய இன்ஜின்கள் வந்துவிட்டன. தலைவலி வேறு இடத்தில் இருந்தது: அந்த விசை விமானத்தின் எந்தப் புள்ளியில் வேலை செய்ய வேண்டும்? ஜெட் விமானத்தில் புகை போவது வால் வழியாக. அதை அப்படியே கீழே திருப்பினால் வால் மேலே தூக்கும், மூக்கு தரையில் குத்தும். விசை ஈர்ப்பு மையத்தின் வழியாகத்தான் போக வேண்டும், கொஞ்சம் முன்பின் ஆனாலும் தராசு சாய்ந்துவிடும்.

இதற்கு மற்றவர்கள் கண்ட வழி, மேலே தூக்குவதற்கென்றே தனி இன்ஜின்களைச் செங்குத்தாக நிறுத்தி வைப்பது. பிரெஞ்சுக்காரர்களின் மிராஜ் 3வி விமானத்தில் அப்படி எட்டு இன்ஜின்கள், முன்னோக்கிப் பறக்க ஒன்பதாவதாக இன்னொன்று. சோவியத்தின் யாக்-38இல் விமானியின் முதுகுக்குப் பின்னால் இரண்டு. எழும்பி முடிந்த பிறகு இவை எல்லாம் சும்மா சுமக்கிற பாரம். அப்புறம் அந்தரத்தில் நிற்கும்போது ஒரு இன்ஜின் படுத்துவிட்டால் விமானம் கண்மூடித் திறப்பதற்குள் கவிழ்ந்துவிடும், விமானி யோசிக்கவே நேரம் இருக்காது, அதனால்தான் யாக்-38இல் இருக்கையே தானாக விமானியை வெளியே எறிகிற மாதிரி செய்து வைத்தார்கள்.

ஹேரியரின் மூல யோசனையும் ஒரு பிரெஞ்சுக்காரருடையதுதான், மிஷேல் விபோ. ஒரு இன்ஜினிலிருந்து தண்டுகள் போட்டு நாலு பெரிய ஊதுவிசிறிகளைச் சுழற்றி, அவற்றின் வாயைத் திருப்பிக்கொள்ளலாம் என்றார். கனமான, சிக்கலான ஏற்பாடு. பிரிஸ்டல் இன்ஜின் கம்பெனியில் ஸ்டான்லி ஹூக்கரும் கார்டன் லூயிஸும் அதைப் பார்த்துவிட்டு, நாலு ஊதுவிசிறி எதற்கு, இன்ஜினுக்கு முன்னாலேயே ஒரு விசிறியை வைத்து அந்தக் காற்றை இரண்டு பக்கமும் வெளியே விட்டால் போதுமே என்றார்கள். ஹாக்கர் கம்பெனியில் ரால்ஃப் ஹூப்பர் அதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார்: பின்னால் போகிற சூடான வாயுவையும் கால்சட்டை மாதிரி இரண்டாகப் பிரித்து அதையும் திருப்பிவிடலாம். வாயுவை இப்படி இரண்டாகப் பிரிப்பது ஹாக்கருக்குப் புதிதில்லை, அவர்களின் சீ ஹாக் விமானத்தில் ஏற்கெனவே செய்திருந்தார்கள். 1957இல் பிரிட்டிஷ் அரசு, இனி விமானி ஓட்டும் போர் விமானங்களுக்கு எதிர்காலம் இல்லை, ஏவுகணைதான் என்று வெள்ளை அறிக்கை விட்டதால் ஹாக்கர் ஆட்களுக்குக் கையில் பெரிதாக வேலையும் இல்லை. அந்தச் சும்மா இருந்த நேரத்தில் பிறந்ததுதான் ஹேரியரின் முன்னோடியான பி.1127.

இப்போது கணக்கைப் பாருங்கள். பெகாசஸ் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 200 கிலோ காற்றை உள்ளே இழுக்கிறது. முன்விசிறி அழுத்திய காற்றில் பாதிக்கு மேல் எரிகிற வேலைக்கே போகாமல் முன் நாசில்கள் வழியாக வெளியேறிவிடும். மீதி உள்ளே போய் எரிந்து, டர்பைன் என்ற விசிறிச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டுப் பின் நாசில்களில் வரும். பின்னால் வருவது அளவில் குறைவு, ஆனால் சூடும் வேகமும் அதிகம், அதனால் முன்னும் பின்னும் விசை கிட்டத்தட்டச் சமமாகிவிடுகிறது. நாலு கால் கட்டில் மாதிரி, நடுவில் ஈர்ப்பு மையம். இந்தச் சமன்பாடு கெடாமல் இருக்க நாலு நாசிலும் ஒன்றாகவே திரும்ப வேண்டும், ஒன்று பின்தங்கினால் கதை முடிந்தது. அதற்காக நாலையும் தண்டுகளாலும் சங்கிலிகளாலும் பிணைத்திருக்கிறார்கள். நிஜமாகவே சங்கிலிதான், சைக்கிள் செயினின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினிலிருந்தே எடுத்த காற்றால் ஓடும் ஒரு மோட்டார் அதை இழுக்கிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது காக்பிட்தான். இவ்வளவு வித்தை காட்டுகிற விமானத்தில், சாதாரண ஜெட் விமானத்தைவிட அதிகமாக இருப்பது முக்கியமாக ஒரே ஒரு நெம்புகோல். இடது கையில் இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில், அதற்குப் பக்கத்திலேயே நாசில் நெம்புகோல். முன்னால் தள்ளினால் நாசில்கள் பின்னோக்கி, அதாவது சாதாரணப் பறத்தல். பின்னால் இழுத்தால் கீழ்நோக்கி. இன்னும் இழுத்தால் 98.5 டிகிரி வரை போகும், செங்குத்தைத் தாண்டிக் கொஞ்சம் முன்பக்கமாக ஊதும், பிரேக் மாதிரி. ஒரே கை இரண்டு நெம்புகோலையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் வில்லங்கம். அவசரத்தில் த்ராட்டில் என்று நினைத்து நாசிலை இழுத்தவர்களும் உண்டு.

சரி, அந்தரத்தில் நிற்கிறோம். நின்றுகொண்டிருக்கும் விமானத்தில் இறக்கைக்கும் வாலுக்கும் வேலை இல்லை, அவற்றின் மேல் காற்று ஓடினால்தானே அவை பிடிக்கும்? அதனால் மூக்கிலும் வாலிலும் இரண்டு இறக்கை நுனியிலும் சின்னச் சின்ன ஊதுவாய்களை வைத்தார்கள். இன்ஜினில் காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரசரிலிருந்து அழுத்தமான காற்று குழாய் வழியாக அங்கே போகும். நாசில் கொஞ்சம் கீழே திரும்பியதுமே இந்தக் குழாய்களுக்குக் காற்று தானாகத் திறந்துவிடும். விமானி பிடித்திருப்பது அதே பழைய ஸ்டிக், அதே பெடல். வலப்பக்கம் சாய்த்தால் இடது நுனி கீழே ஊதும், அவ்வளவுதான். இன்னொரு சிக்கலும் இருந்தது. வேகமாகச் சுழலும் கனமான இன்ஜின் ஒரு பெரிய பம்பரம், அதை ஒரு பக்கம் சாய்க்கப் போனால் இன்னொரு பக்கம் முரண்டு பிடிக்கும். பெகாசஸில் முன்விசிறித் தண்டு ஒரு திசையிலும் உள்ளே இருக்கும் கம்ப்ரசர் தண்டு எதிர்த் திசையிலும் சுழல்கின்றன, ஒன்றின் முரண்டை மற்றது தின்றுவிடுகிறது.

1960 அக்டோபர் 21ஆம் தேதி, இங்கிலாந்தின் டன்ஸ்ஃபோல்டில், பில் பெட்ஃபோர்டு என்ற சோதனை விமானி பி.1127ஐ முதல்முறையாகத் தரையைவிட்டு எழுப்பினார், மாட்டைக் கயிற்றில் கட்டுவது மாதிரி விமானத்தைத் தரையோடு கட்டிவைத்துவிட்டு. கார் விபத்தில் அடிபட்ட காலில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாராம் மனிதர். இன்ஜினுக்கு அப்போது தெம்பு போதாமல், கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி எடையைக் குறைத்திருந்தார்கள். அந்த விமானம் இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எழும்புவதும் பறப்பதும் பெரிய ஆபத்தில்லை, நடுவில் இருக்கும் அரைகுறை வேகம்தான் ஆபத்து. மணிக்கு 60 முதல் 150 கிலோமீட்டருக்குள் இருக்கும்போது, விநாடிக்கு 200 கிலோ காற்றைக் குடிக்கிற அந்தப் பெரிய வாய்கள் ஈர்ப்பு மையத்துக்கு முன்னால் இருப்பதால், விமானம் லேசாகப் பக்கவாட்டில் நழுவினாலும் மூக்கை இன்னும் விலக்கி இழுக்கும், வாலுக்கோ அதைத் திருப்பிப் பிடிக்கிற அளவு காற்று இருக்காது. மூக்கு விலகினால் ஒரு இறக்கை அதிகமாகத் தூக்கும், நுனியில் ஊதுகிற காற்றால் அதைச் சமாளிக்க முடியாமல் விமானம் புரண்டுவிடும். இதில் உயிர்கள் போயிருக்கின்றன. இதற்கு வைத்த மருந்தைப் பார்த்தால் சிரிப்பு வரும்: காக்பிட்டின் முன்கண்ணாடிக்கு நேர் எதிரே, மூக்கின் மேல், ஒரு குட்டித் தகடு, காற்றடிக்கும் திசையைக் காட்டும் கோபுரக் காற்றாடி மாதிரி. அது நேராக நின்றால் நீங்களும் நேராக இருக்கிறீர்கள். கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்த போர் விமானத்தில் விமானியின் உயிர் அந்தத் தகட்டின் மேல் இருந்தது.

இப்போது எடைக்கு வருவோம், ஹேரியர் கடைசி வரை மல்லுக்கட்டியது இதோடுதான். சீ ஹேரியர் வெறும் விமானமாகச் சுமார் 6,400 கிலோ. பெகாசஸின் உந்துவிசை தூக்கக்கூடியது சுமார் 9,700 கிலோ. தொட்டிகளை நிரப்பினால் எரிபொருளே 2,300 கிலோ. மீதிக்குள் விமானி, பீரங்கி, ஏவுகணை எல்லாம் அடங்க வேண்டும், ஊதுவாய்களுக்குப் போகிற காற்றுக்கும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். முழுச் சுமையில் விமானத்தின் எடை 11,900 கிலோ வரை போகும், அந்த நிலையில் நேராக எழும்புவது நடக்கவே நடக்காது. அதனால், செங்குத்தாக எழும்பும் விமானம் என்று பெயர் வாங்கிய ஹேரியர் பெரும்பாலும் ஓடித்தான் எழும்பியது. கப்பலின் முனையில் மேல்நோக்கி வளைந்த சரிவு வைத்தால் குறைந்த தூரத்தில் ஓடி எகிறிவிடலாம் என்ற யோசனை டக் டெய்லர் என்ற கடற்படைப் பொறியாளருடையது. பிரிட்டனின் ஹெர்மஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் 12 டிகிரி சரிவு, அதே கப்பல்தான் 1987இல் நம் கடற்படையின் விராட் ஆனது.

இறங்கும்போது ஓட இடமில்லை, செங்குத்தாகத்தான். வெயில் காலத்தில் காற்று லேசாகிவிடும், இன்ஜின் குடிக்கிற காற்றின் எடை குறையும், டர்பைனும் சீக்கிரமே தாங்கும் சூட்டைத் தொட்டுவிடும். அதற்காக விமானத்திலேயே 50 காலன், அதாவது 227 லிட்டர் சுத்தமான தண்ணீர் சுமந்துகொண்டு போனார்கள். கடைசி நேரத்தில் அதை இன்ஜினுக்குள் பீய்ச்சிக் குளிர வைத்தால் கொஞ்சம் கூடுதல் விசை கிடைக்கும், ஆனால் ஒன்றரை நிமிடத்தில் தண்ணீர் காலி. அதற்குள் இறங்கியாக வேண்டும். தரைக்குப் பக்கத்தில் வந்ததும் கீழே அடித்த சூடான வாயு தரையில் பட்டுத் திரும்பி மேலே வந்து இன்ஜின் வாய்க்குள்ளேயே போகப் பார்க்கும், சூட்டுக் காற்றைக் குடித்தால் விசை இறங்கும். வயிற்றில் இருக்கும் பீரங்கிப் பெட்டிகள் திரும்பி வரும் வாயுவைக் கொஞ்சம் அணைத்துப் பிடிக்கும். பீரங்கி இல்லாத நாளில் அதே இடத்தில் வெறும் பட்டைகளை மாட்டிவிடுவார்கள்.

இவ்வளவு வில்லங்கம் இருந்தும் விமானி கையில் ஒரு சௌகரியம் இருந்தது: மற்ற விமானங்கள் இறங்கிய பிறகு நிற்கும், இது நின்ற பிறகு இறங்கும். 1983 ஜூனில் தன் கப்பலைக் கண்டுபிடிக்க முடியாமல் எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்த ஒரு பிரிட்டிஷ் சீ ஹேரியர், அட்லாண்டிக்கில் போய்க்கொண்டிருந்த ஆல்ரைகோ என்ற ஸ்பெயின் சரக்குக் கப்பலின் கன்டெய்னர்கள் மேலேயே இறங்கிவிட்டது. இறங்கியதும் பின்னால் வழுக்கி, அங்கே நின்ற ஒரு வேனின் மேல் உட்கார்ந்துகொண்டது. கப்பல் தன் பாட்டுக்கு டெனெரிஃபே போய்ச் சேர்ந்தது, விமானத்தோடு.

இந்தியக் கடற்படையில் சீ ஹேரியர் 1983 முதல் 2016 வரை இருந்தது. பறந்தவர்களின் கதைகள் நிறையக் கிடைக்கும், பராமரித்தவர்களின் வேலையைப் பற்றித்தான் யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. இன்ஜின் ஈர்ப்பு மையத்தில் இருக்க வேண்டும் என்று உடம்பின் நட்டநடுவில் வைத்தாயிற்று, பக்கத்தில் நாலு நாசில், மேலே இறக்கை. அப்படியானால் இன்ஜினை மாற்ற வேண்டுமென்றால் எந்த வழியாக எடுப்பது? மேல் வழியாகத்தான். இறக்கை முழுவதையும் ஒரே துண்டாகக் கழற்றி கிரேனில் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அப்புறம் இன்ஜினைத் தூக்குவார்கள்.