அனஸ்தீசியா: மத்தா, மயக்கமா, மரப்பா?

சித்தூர், நகரி பக்கத்து ஆஸ்பத்திரிகளில் தெலுங்குக்காரர் ‘மத்து டாக்டர்’ என்பார், தமிழர் ‘மயக்க டாக்டர்’ என்பார். இருவரும் சொல்வது அனஸ்தீசியா கொடுப்பவரைத்தான். தெலுங்கில் போதை, கிறக்கம், தூக்கக் கலக்கம் எல்லாமே மத்து. தமிழ் மயக்கமும் லேசுப்பட்டதில்லை. வெயிலில் சுருண்டு விழுவதும் மயக்கம், காதலும் மயக்கம், இலக்கணத்தில் மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து வருவதும் மயக்கம்.

அனஸ்தீசியா கிரேக்கச் சொல். ‘அன்’ என்றால் இல்லாத, ‘ஐஸ்தேசிஸ்’ என்றால் உணர்தல். 1846 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் பாஸ்டனில் பல் மருத்துவர் வில்லியம் மார்ட்டன் ஈதர் என்ற ஆவியை முகரக் கொடுத்து அறுவை சிகிச்சை நடந்தது. அடுத்த மாதமே மருத்துவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் அவருக்குக் கடிதம் எழுதி, இந்தப் பழைய சொல்லையே பெயராக வைக்கலாம் என்றார்.

ஆக, நேர்ப்பொருள் உணர்வின்மை. நினைவு தப்புவது அல்ல. முதுகில் ஊசி போட்டு சிசேரியன் செய்யும்போது தாய் விழித்திருக்கிறாள், குழந்தையின் அழுகையைக் கேட்கிறாள். அவளுக்கு மார்புக்குக் கீழே மரத்திருக்கிறது, அவ்வளவுதான். எனவே நினைவு போவதை ‘முழு மயக்கம்’ என்றும், மற்றதை ‘மரப்பு ஊசி’ என்றும் சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. பொதுப்பெயராக ‘உணர்வகற்றல்’ பொருத்தம்தான், ஆனால் வார்டில் யார் வாயில் நுழையும்? துறைக்கு ‘மயக்கவியல்’ நிலைத்துவிட்டது, அது இருக்கட்டும்.

எனக்கு உறுத்துவது ‘மயக்க மருந்து’ என்பதில் உள்ள மருந்து. ஏதாவது ஆகிவிட்டால் பழி முழுக்க மருந்தின் மேல் விழும், ‘டோஸ் ஜாஸ்தியாயிடுச்சு’ என்றுதான் ஊரில் பேச்சு கிளம்பும். மருந்தும் ஆளைக் கொன்றிருக்கிறது, இல்லையென்று சொல்ல முடியாது. 1848 ஜனவரியில் இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் கால் நகம் எடுக்கக் குளோரோஃபார்ம் கொடுத்ததும் இறந்தாள். அந்த மருந்து முதலில் நிறுத்துவது மூச்சையா இதயத்தையா என்ற சண்டை ஹைதராபாத் வரை வந்து, அங்கே 1888, 1889-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் அமைந்தன. மூச்சைக் கவனியுங்கள் என்றது அவற்றின் முடிவு. குளோரோஃபார்ம் இதயத்தையும் நேரடியாகத் தாக்கும் என்பது பின்னால் தெரியவந்தது. ஆனாலும் மூச்சைப் பற்றிச் சொன்னது வீண்போகவில்லை. 1985-லிருந்து அமெரிக்க மயக்கவியலாளர்கள் முடிந்துபோன இழப்பீட்டு வழக்குகளை அலசியபோது, மரணத்துக்கும் மூளைச் சேதத்துக்கும் காரணமானவற்றில் மூச்சுக் கோளாறுகளே பெருங்கூட்டமாக நின்றன. மூச்சுக்காக வைக்கும் குழாய் மூச்சுக்குழலுக்குப் பதில் உணவுக்குழலில் போவது, காற்று போதாமல் போவது, இப்படி.

இந்த மூச்சுக் கோளாறுகளுக்கு விடையானவை கண்காணிப்புக் கருவிகள். விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டரின் தத்துவத்தை ஜப்பானின் தகுவோ அவோயாகி 1974-ல் வெளியிட்டார். வெளிவிடும் மூச்சில் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃப் அப்புறம் பரவியது. மயக்கம் கொடுப்பவர் நோயாளியை விட்டு நகரக்கூடாது என்ற விதியை ஹார்வர்ட் மருத்துவமனைகள் 1986-ல் வெளியிட்டன.

பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2012-ல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின் கணக்கு இது: பத்து லட்சம் முறை மயக்கம் கொடுத்தால், அது மட்டுமே காரணமான மரணம் 1970-க்கு முன் 357; எழுபது, எண்பதுகளில் 52; 1990-க்குப் பின் 34. நோயாலோ அறுவையாலோ நேர்ந்த மரணங்கள் இதில் சேராது. இறங்குமுகம் பெரும்பாலும் பணக்கார நாடுகளில்தான். வளரும் நாடுகளில் விகிதம் இன்னும் அதிகம்.