கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் எந்தக் கடல்?

நிலாவெளியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய தந்தைக்கு இரண்டு மாதங்களுக்கு முன் பாரிசவாதம் வந்தது. உயிர் தப்பிவிட்டார், பேச்சும் தெளிவாக இருக்கிறது. ஆனால் சோற்றுக் கோப்பையின் வலது பாதியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இன்றைக்கு மீன் இல்லையா?" என்று கேட்கிறார். பாரை மீன் துண்டு இடது பக்கத்தில் தொடாமல் கிடக்கிறது. கோப்பையை அரைவட்டம் திருப்பி வைத்தால், "இப்போதுதான் வைத்தாயா?" என்று சொல்லிச் சாப்பிடுகிறார். சவரம் செய்தால் வலது கன்னம் மட்டுமே மழிக்கப்படுகிறது. இடது கையைத் தூக்கிக் காட்டினால் "இது என்னுடைய கை இல்லை" என்கிறார். அயலவர்கள் செய்வினை என்று சொல்லி நூல் கட்டச் சொல்கிறார்களாம். "அப்பாவுக்குக் கண்ணில் கோளாறா, மனத்தில் கோளாறா?" என்று கேட்கிறார் மகள்.

இரண்டிலும் இல்லை, அம்மா. கோளாறு மூளையின் ஒரு சோணையில், அதாவது ஒரு பகுதியில், இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் படித்ததை வேகமாக நினைவுபடுத்திவிடுகிறேன். மூளையின் ஒவ்வொரு அரைக்கோளத்திலும் நான்கு சோணைகள். நெற்றிக்குப் பின்னால் நுதற் சோணை: திட்டமிடுதல், தன்னை அடக்கிக்கொள்ளுதல், கைகால் அசைத்தல். 1848இல் அமெரிக்காவில் ரயில் பாதை வேலையின்போது பினியஸ் கேஜ் என்பவரின் கன்னத்தில் புகுந்த இரும்புக் கம்பி உச்சந்தலை வழியே வெளியேறியது. பிழைத்துக்கொண்டார், ஆனால் குணம் மாறிவிட்டது என்று அவருடைய மருத்துவர் எழுதிவைத்தார். அதே சோணையின் இடது புறத்தில் பேச்சுக்கான இடம் இருப்பதை 1861இல் பிரான்சில் போல் புரோக்கா காட்டினார். உங்கள் தந்தையின் பேச்சு தப்பியதற்குக் காரணமும் இதுவே: அடி விழுந்தது வலது அரைக்கோளத்தில். காதோரம் இருக்கும் கடைநுதற் சோணை கேட்டலுக்கும் நினைவுக்கும். பிடர்ச் சோணை பார்வைக்கு. உச்சியின் பின்புறத்தில் இருக்கும் சுவர்ச் சோணை, உடலும் அதைச் சுற்றிய வெளியும் எங்கே எப்படி இருக்கின்றன என்று கணக்கு வைத்திருக்கிறது. வலது சுவர்ச் சோணையின் கீழ்ப்பகுதியும் அது கடைநுதற் சோணையைத் தொடும் இடமும் பழுதானால், பலருக்கு இடப்பக்க உலகமே கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. மருத்துவர்கள் இதை ஒருபக்கப் புறக்கணிப்பு என்கிறார்கள்.

இதைப் பார்வைக் குறைவோடு குழப்பக் கூடாது. பிடர்ச் சோணையில் அடிபட்டு இடப்பக்கப் பார்வையை இழந்தவருக்குத் தன் குறை பெரும்பாலும் தெரியும். தலையைத் திருப்பித் தேடிப் பழகிக்கொள்வார். புறக்கணிப்பு உள்ளவர் தேடுவதே இல்லை. உங்கள் தலைக்குப் பின்னால் இப்போது என்ன தெரிகிறது என்று யோசித்துப் பாருங்கள். கறுப்பாகவா இருக்கிறது? இல்லை. அங்கே ஒன்றும் குறைவதாகவே உங்களுக்குத் தோன்றவில்லை. உங்கள் தந்தைக்கு இடப்பக்கம் அப்படித்தான்.

என்னைப் பல நாள் தூங்கவிடாமல் செய்த பரிசோதனை ஒன்று உண்டு. 1978இல் எடுவார்டோ பிசியாக், கிளாடியோ லுசாட்டி என்ற இரு இத்தாலியர் அதை வெளியிட்டனர். இக்குறை உள்ள இரண்டு மிலான் நகரவாசிகளிடம், நகரின் தேவாலயச் சதுக்கத்தை மனக்கண்ணில் பார்த்து விவரிக்கச் சொன்னார்கள். முதலில், தேவாலயத்துக்கு எதிர்க்கோடியில் நின்று அதைப் பார்ப்பதாக எண்ணச் சொன்னார்கள். வலப்பக்கக் கட்டடங்களே பெரும்பாலும் பட்டியலில் வந்தன. பிறகு, தேவாலயப் படிக்கட்டில் நின்று எதிர்த்திசையில் பார்ப்பதாக எண்ணச் சொன்னார்கள். சற்று முன் விட்டுப்போன கட்டடங்கள் இப்போது வந்தன, சொன்னவை மறைந்தன!

நம் திருகோணமலையில் வைத்துப் பாருங்கள். கோட்டை வாசலைக் கடந்து, மான்களைத் தாண்டிக் கோணேசர் கோயிலுக்கு ஏறுகிறோம். இடது புறம் பேக் பே கடல், வலது புறம் டச்சு பே கடல். ஏறுவதாகக் கற்பனை செய்யச் சொன்னால் அந்த நோயாளிகளைப் போன்ற ஒருவர் டச்சு பேயை மட்டும் சொல்வார். கும்பிட்டுவிட்டு இறங்குவதாக எண்ணச் சொன்னால் பேக் பே கிடைக்கும், டச்சு பே தொலையும். இரண்டு கடலும் நினைவில் பத்திரமாக இருக்கின்றன. கண்ணுக்கு இங்கே வேலையே இல்லை. நினைவை எடுத்து விரித்துப் பார்க்கும்போதும் அந்த விரிப்பின் இடது பாதிமீது கவனம் செல்வதில்லை. எல்லா நோயாளிகளிடமும் இது தென்படுவதில்லை. தென்படும்போது மனம் வியந்துபோகிறது.

ஏன் பெரும்பாலும் இடப்பக்கம்? பரவலாக ஏற்கப்படும் ஒரு விளக்கம் இது: இடது அரைக்கோளம் பெரும்பாலும் வலப்பக்கத்தை மட்டுமே கவனிக்கிறது, வலது அரைக்கோளம் இரு பக்கங்களையும் கவனிக்கிறது. இரவுக் காவலுக்கு இருவர் நிற்கிறார்கள், ஒருவர் ஒரு வாசலையும் மற்றவர் இரண்டு வாசல்களையும் பார்க்கிறார் என்று வையுங்கள். முதலாமவர் படுத்துவிட்டாலும் வீடு காவலில்தான் இருக்கும். இரண்டாமவர் விழுந்தால் ஒரு வாசல் ஆளில்லாமல் போகிறது. வாசிப்பிலும் இதைக் காணலாம். தமிழ்ப் பத்திரிகையை இவர் வரியின் நடுவிலிருந்து வாசிப்பார். 'திருகோணமலை' என்ற சொல்லில் 'மலை' மட்டும் கிடைக்கலாம். கிண்ணியாவில் குர்ஆன் ஓதும் ஒரு பெரியவருக்கு இதே குறை வந்தால், அரபு வலமிருந்து இடமாக ஓடுவதால், வரியின் முடிவு தொலையும்.

புறக்கணிக்கப்பட்ட பாதி மூளைக்குள் போகவே இல்லையா என்றால், அதுவும் இல்லை. 1988இல் ஜான் மார்ஷல், பீட்டர் ஹாலிகன் இருவரும் ஒரு பெண்மணிக்கு இரண்டு வீட்டுப் படங்களைக் காட்டினார்கள். ஒன்றின் இடப்பக்கத்தில் தீ எரிகிறது. இரண்டும் ஒன்றே என்றார் அவர். எந்த வீட்டில் குடியிருப்பீர்கள் என்று கேட்டபோது, பெரும்பாலும் தீயில்லாத வீட்டையே தெரிந்தெடுத்தார்.

செய்வினைப் பேச்சு எனக்குக் கோபமூட்டுகிறது. தன் கையைத் தன்னுடையதில்லை என்பவரையும், கடைநுதற் சோணை வலிப்பில் இல்லாத நாற்றத்தை முகர்ந்து அஞ்சுபவரையும் வேப்பிலையோடு சுற்றி நிற்பது கொடுமை. கோயிலுக்குப் போவதை நான் தடுக்கவில்லை. ஆனால் முகம் கோணி, கை தொய்ந்து, பேச்சுக் குழறினால் அந்த நிமிடமே 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தை அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தை 4.5 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். பெரிய இரத்தக் குழாய் அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக் கலங்கள் அழிகின்றன.

இந்தக் குறையைக் கண்டறிய ஒரு தாளும் பேனாவும் போதும்: நீண்ட கோடு ஒன்றை வரைந்து நடுவில் வெட்டச் சொன்னால், வெட்டு வலப்பக்கம் தள்ளி விழும். 1998இல் பிரான்சில் ஈவ் ரொசெட்டி குழுவினர், காட்சியை 10 பாகை வலப்பக்கம் நகர்த்தும் அரியக் கண்ணாடியை அணிவித்து நோயாளிகளை இலக்குகளைச் சுட்டப் பழக்கினார்கள். கழற்றிய பின் குறைந்தது இரண்டு மணி நேரம் அவர்களின் கவனம் இடப்பக்கம் மீண்டது. தொடர்ந்து பயன் தருமா என்பதில் பின்னைய ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. இத்தகைய மலிவான ஆய்வுகளுக்கும், நோயாளியோடு மணிக்கணக்கில் அமர்ந்து பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளர்களுக்கும் பணம் ஒதுக்கப்பட வேண்டும் என்று எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

வாசகிக்கு: தந்தையைத் திட்டாதீர்கள், அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. முக்கியமானதைச் சொல்லும்போது வலப்பக்கம் நின்று சொல்லுங்கள். பழக்கும் நேரத்தில் இடப்பக்கம் அமர்ந்து அவரை மெல்ல அழையுங்கள். பத்திரிகையின் இடது ஓரத்தில் சிவப்புப் பட்டி ஒன்றை ஒட்டி, அதைக் கண்டபிறகே வரியைத் தொடங்கச் சொல்லுங்கள். இடது கையை அவ்வப்போது பாருங்கள்; சூடான தேநீர் பட்டாலும் அவர் கவனிக்காமல் இருந்துவிடலாம். சிகிச்சையாளரிடம் இவற்றையெல்லாம் சொல்லுங்கள். ஒரு மாலையில் அவர் களைப்பில்லாமல் இருக்கும்போது, கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது எந்தக் கடல் தெரியும், இறங்கும்போது எந்தக் கடல் தெரியும் என்று கேட்டு, அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.