ஜேசிபியின் பல்லும் ஒன்பது மைக்ரான் கண்ணாடியும்

கிராமத்துச் சாலையோரம் குடிநீர்க் குழாய் பதிக்க ஜேசிபி பள்ளம் தோண்டுகிறது. மண்ணோடு சேர்ந்து ஒரு பிளாஸ்டிக் குழாயும் பிய்ந்து வருகிறது. ஓட்டுநர் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு வேலையைத் தொடர்கிறார். ஆறேழு கிலோமீட்டர் தள்ளி, ஊராட்சி அலுவலகச் சுவரில் மாட்டிய சின்னப் பெட்டியில் ‘எல்ஓஎஸ்’ என்ற விளக்கு சிவப்பாகச் சிமிட்டத் தொடங்குகிறது. ஒளி வரவில்லை என்று அர்த்தம். சான்றிதழுக்கு வந்து நிற்கிறவரிடம், “நெட் இல்லம்மா, நாளைக்கு வாங்க” என்கிறார்கள்.

நாடு முழுக்க அதிவேக இணையம் என்றாலே நாம் வேகத்தைத்தான் பேசுகிறோம். ஒளியைக் கொண்டுபோகும் கண்ணாடி இழையான ஃபைபருக்கு வேகம் ஒரு பிரச்சினையே இல்லை. 1970-ல் கார்னிங் நிறுவனம் உருவாக்கிய இழையில் ஒளி ஒரு கி.மீ. போவதற்குள் நூற்றில் இரண்டு பங்காகத் தேய்ந்துவிட்டது. அதுவே அன்றைக்குப் பெரிய சாதனை. இன்றைய நல்ல இழையில் 10 கி.மீ. போன பிறகும் கிட்டத்தட்டப் பாதி மிஞ்சுகிறது. கண்ணாடிக்காரர்கள் தங்கள் வேலையை முடித்துவிட்டார்கள். ஒளி ஓடும் நடுப்பகுதி சுமார் ஒன்பது மைக்ரான்தான், தலைமுடியில் ஏழெட்டில் ஒரு பங்கு. அதை இந்திய மண்ணுக்கடியில் வருடக்கணக்கில் அறுபடாமல் வைத்திருப்பது வேறு வேலை.

2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த தேசிய ஒளியிழை வலையமைப்புதான் 2015-ல் பாரத்நெட் என்று பெயர் மாறியது. சுமார் 2.5 லட்சம் ஊராட்சிகளுக்கும் 100 எம்பிபிஎஸ் என்பது இலக்கு. ஊராட்சி ஒன்றியத் தலைமையிடங்கள் வரை பிஎஸ்என்எல்லின் ஃபைபர் பெரும்பாலும் ஏற்கெனவே இருந்தது. அதையே பயன்படுத்திக்கொண்டு, விடுபட்ட தூரத்துக்கு மட்டும் புதுக் கேபிள் போட்டால் செலவு மிச்சம். காகிதத்தில் கெட்டிக்காரத்தனமான யோசனை. 2017 டிசம்பரில் முதல் கட்டமாக ஒரு லட்சம் ஊராட்சிகளைத் தொட்டும் விட்டார்கள்.

கோளாறு வரைபடத்தின் வடிவத்தில் இருந்தது. ஒன்றியத்திலிருந்து கிளம்பும் கேபிள் மரக்கிளை மாதிரி போய், கடைசி ஊராட்சியில் முடிந்துவிடும். வழியில் எங்கே அறுந்தாலும் அதற்கு அந்தப் பக்கம் முழுக்க இருட்டு. சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். பத்துத் துண்டுகளாக ஒரு பாதை. ஒவ்வொரு துண்டும் வருடத்தில் நூற்றுக்கு 99 நாள் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 0.99-ஐப் பத்து முறை பெருக்கினால் 0.904. அதாவது கடைசி ஊருக்கு வருடத்தில் 35 நாள் இணையம் இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் யார் மீதும் குற்றமில்லை, எல்லாத் துண்டுக்கும் 99 மதிப்பெண்.

அறுந்ததை ஒட்டிவிட்டால் சரியாகிவிடாதா? ஆகும், ஆனால் முழுக்க ஆகாது. இந்த அமைப்பில் ஒன்றியத்திலிருந்து வரும் ஒரே இழையின் ஒளியை, வழியில் ஸ்ப்ளிட்டர் என்ற சிறு கண்ணாடிக் கருவி பல ஊர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. அதற்கு மின்சாரமே வேண்டாம். காட்டுக்குள் வைத்தாலும் வேலை செய்யும். ஆனால் பங்கு பிரித்தால் பங்கு குறையத்தானே செய்யும்? வழக்கமான கருவிகளில் அனுப்பும் முனைக்கும் வாங்கும் முனைக்கும் இடையே 28 டெசிபெல் (ஒளி எவ்வளவு தேய்கிறது என்பதற்கான அளவு) வரை இழப்பு தாங்கும். ஒளியை 32 பங்காகப் பிரித்தால் அதிலேயே 17 போய்விடும். 10 கி.மீ. இழைக்கு மூன்றரை. இணைப்பான்களுக்குக் கொஞ்சம். மிஞ்சுவது ஏழுக்குள்தான்.

ஜேசிபி இழுத்த கேபிளில் அறுந்த இடம் மட்டும் கெடுவதில்லை, இரண்டு பக்கமும் சில மீட்டர் நசுங்கியிருக்கும். அதை வெட்டிப் போட்டுவிட்டுப் புதுத் துண்டு வைக்க வேண்டும். ஆகவே ஒரு வெட்டுக்கு இரண்டு ஜாயின்ட். மின்பொறியால் கண்ணாடியை உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷின் நல்ல நிலையில் இருந்தால் ஜாயின்ட்டுக்கு 0.1 டெசிபெல்லுக்கு உள்ளேயே முடிந்துவிடும். புழுதி பறக்கும் சாலையோரத்தில், டார்ச் வெளிச்சத்தில் ஒட்டினால் கூடும். பத்து வெட்டு விழுந்த கேபிளில் இருபது ஜாயின்ட். நன்றாகவே ஒட்டியிருந்தாலும் 2 டெசிபெல், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான ஒளி போயிருக்கலாம். விளக்கு பச்சையாகத்தான் எரியும், ஆனால் கேபிள் கிழடாகிவிட்டது.

எங்கே அறுந்தது என்று கண்டுபிடிப்பது தனிக் கலை. ஓடிடிஆர் என்ற கருவி இழைக்குள் ஒரு ஒளித்துடிப்பை அனுப்பி, திரும்பி வரும் எதிரொளியின் நேரத்தை அளக்கும். கண்ணாடிக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடுவதால், 100 மைக்ரோவிநாடியில் எதிரொளி வந்தால், போக வர 20 கி.மீ., ஆகவே அறுந்த இடம் சுமார் 10 கி.மீ. தள்ளி. துல்லியம்தான். ஆனால் அது சொல்வது இழையின் நீளம், சாலையின் நீளம் அல்ல. பிற்காலத் தேவைக்காக, கேபிள் பாதையில் உள்ள ஒவ்வொரு நிலத்தடித் தொட்டியிலும் சில மீட்டர் கேபிளைச் சுருட்டி வைத்திருப்பார்கள். எந்தத் தொட்டியில் எத்தனை சுற்று என்று எழுதி வைக்காவிட்டால், கருவி காட்டும் இடத்தில் தோண்டி வெறும் மண்ணைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். கேபிள் போட்ட அன்று கூட இருந்த ஆள் ஒருவர் வந்தால் வேலை பாதி நேரத்தில் முடியும்.

மண்ணே வேண்டாம் என்று மேலே கட்டினால்? தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கான திட்டத்திலும், 2023 ஜூனில் தொடங்கிய கேரளத்தின் கேஃபோனிலும் மின்கம்பங்களைத்தான் பெரிதும் நம்பினார்கள். உலோகமே இல்லாத கேபிள் என்பதால் மின்கம்பிக்குப் பக்கத்தில் கட்டலாம். செலவும் குறைவு, அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஒரு கஜா புயல் வந்தால் கம்பத்தோடு ஃபைபரும் சாயும். வாரணாசியில் 2015 வாக்கில் கங்கைக்கரை வைஃபைக்காகப் போட்ட கேபிளைக் குரங்குகள் கடித்துத் தின்ற கதையும் உண்டு.

வெட்டுகளுக்கு அரசே சொன்ன கணக்கு: நிலத்தடிக் கேபிள், குழாய்களில் வருடத்துக்குச் சுமார் 10 லட்சம் வெட்டுகள், 3,000 கோடி ரூபாய் நஷ்டம். தோண்டும் முன் அந்த இடத்தில் கேபிள் வைத்திருப்பவர்களுக்குத் தகவல் சொல்ல, 2023 மார்ச்சில் ஒரு செயலியும் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பாரத்நெட்டை வளைய வடிவத்துக்கு மாற்ற 1,39,579 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கிடைத்தது. பத்தாண்டுப் பராமரிப்பும் அதில் அடக்கம். பராமரிப்புக்குப் பன்னிரண்டு வருடம் கழித்து உரிய இடம் கொடுத்தார்கள் என்று நான் இதைப் படிக்கிறேன்.

வளையத்தில் ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு வழி. இடது பாதை வருடத்தில் 18 நாள் கெடுகிறது, வலது பாதையும் அப்படியே என்றால், இரண்டும் ஒரே நேரத்தில் கெடுவது வருடத்துக்கு ஒரு நாள்கூட வராது. ஆனால் இந்தக் கணக்கு பலிக்க வேண்டுமானால் இரண்டு பாதையும் நிஜமாகவே வேறு வேறு சாலையில் போக வேண்டும். பல ஊர்களுக்குள் நுழைய ஒரே சாலைதான். ஆற்றைக் கடக்க ஒரே பாலம்தான். போகும் கேபிளும் திரும்பும் கேபிளும் அந்தப் பாலத்தின் ஓரத்தில், ஒரே கிளாம்பில், அடுத்தடுத்த குழாயில் கிடந்தால், பாலம் அகலப்படுத்தும் வேலை தொடங்குகிற அன்று இரண்டும் சேர்ந்தே போகும். அலுவலகத் திரையில் மட்டும் அது அழகான வட்டமாகத்தான் தெரியும்.