ஜப்தியா, பறிமுதலா, கைப்பற்றுகையா?

ரத்தினக் கல் வணிகம் செய்யும் ஒரு கடைக்குள் சுங்கத்துறையினர் நுழைந்து, கடத்தி வரப்பட்டவை என்று தாம் கருதும் கற்களை எடுத்துச் சென்றால், மறுநாள் நாளிதழில் அது பெரும்பாலும் 'ரத்தினக் கற்கள் பறிமுதல்' என்றே வரும். தெருவில் அதையே 'ஜப்தி பண்ணிட்டாங்க' என்பார்கள். ஆனால் அன்றைய தினம் சட்டப்படி நடந்தது ஜப்தியும் அன்று, பறிமுதலும் அன்று. அதற்குரிய சொல் கைப்பற்றுகை. மூன்றும் ஒன்றுதானே என்று தோன்றலாம்; கற்களுக்கு உரிமை கோரும் வணிகருக்கு அவை ஒன்றல்ல.

ஜப்தி அரபு மூலத்திலிருந்து வந்த சொல். இறுகப் பிடித்தல், கட்டுக்குள் வைத்தல் என்ற பொருளுடைய அரபுச் சொல், பாரசீகத்தில் 'ஸப்த்' என ஒலித்து, உருது, இந்துஸ்தானி வழியாக ஆட்சி மொழியில் புகுந்தது. அக்பர் காலத்தில் அவருடைய நிதி அமைச்சர் தோடர்மால் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் வரி முறைக்கே 'ஸப்தி' என்றுதான் பெயர். நிலத்தை அளந்து, பயிருக்கேற்ப வரியைப் பணமாக நிறுவும் அந்த முறையில் பறித்தல் என்ற பொருள் இல்லை. வசூல், ஜாமீன், ஆஜர், அமீனா ஆகியவற்றைப் போலவே இதுவும் ஆட்சி, நீதி வழக்குகளின் வழியே தமிழில் நிலைத்தது. தமிழில் அதன் பொருள் குறுகி, கடனுக்காகவோ தீர்ப்புத் தொகைக்காகவோ சொத்தைப் பிடித்து வைப்பதைக் குறிக்கலாயிற்று. விபத்து இழப்பீட்டைக் கட்டாத அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்தை நீதிமன்ற ஊழியர்கள் நிறுத்திக் கைக்கொள்வதுதான் தமிழ்நாட்டில் நாம் அடிக்கடி கேட்கும் ஜப்தி. அங்கே பேருந்து குற்றப் பொருள் அன்று; பணம் வந்தால் திரும்பிப் போய்விடும். இந்த நடவடிக்கைக்குச் சட்டத் தமிழில் 'பற்றுகை' என்ற நல்ல சொல் உண்டு. சுங்கத்துறை எடுத்த கல்லோ யாருக்கும் கடன் பட்டதன்று, ஆகவே ஜப்தியை இங்கே கொண்டுவருவதற்கு இடமே இல்லை.

பறிமுதல் தூய தமிழ்ச் சொல். குழப்பம் அதிகம் நேர்வதும் இதில்தான். பறி என்பது ஒன்று ஊன்றியிருக்கும் இடத்திலிருந்து அதைப் பிடுங்குதல். கையிலிருந்த வேலை யானைமேல் எறிந்துவிட்ட வீரன், தன் உடம்பில் தைத்த வேலைப் பிடுங்கிச் சிரிப்பதை 'மெய்வேல் பறியா நகும்' என்கிறது குறள் (774). முதல் என்பது வணிகத்தில் போட்ட பொருள். 'ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை' (463) என்பதில் வரும் அதே முதல்தான். ஆக, சொல்லின் அமைப்பைப் பார்த்தால் பறிமுதல் என்பது செயலின் பெயர் அன்று. பறிக்கப்பட்ட பொருளின் பெயர். அதனால்தான் 'பறிமுதலித்தார்' என்று எவரும் எழுதுவதில்லை; 'பறிமுதல் செய்தார்' என்று ஒரு துணைவினை கேட்கிறது. வணிகர் ஒருவர் தம் முதலை வேரோடு இழந்தார் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அவ்வளவு கனமான சொல்லை விசாரணையின் முதல் நாளிலேயே செலவழித்துவிடுவதுதான் என் வருத்தம்.

கைப்பற்றுகைக்குப் பொருள் கையில் பற்றிக்கொள்ளுதல், அவ்வளவே. பற்றிய கை விடவும் கூடும் என்பது அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இந்தியச் சுங்கச் சட்டம், 1962 செய்யும் வேறுபாடும் இதுவே. பொருள் பறிமுதலுக்கு உரியது என்று நம்புவதற்குக் காரணம் இருந்தால் அதிகாரி அதைக் கைப்பற்றலாம் என்கிறது 110ஆம் பிரிவு. கடைக்குள் நடப்பதைப் பார்த்தால் இது விளங்கும். மடித்த வெள்ளைக் காகிதப் பொட்டலங்கள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்படும். கற்கள் எண்ணப்பட்டு, காரட் கணக்கில் நிறுக்கப்படும் (ஒரு காரட் 200 மில்லிகிராம்). சாட்சிகள் முன்னிலையில், நடந்ததைப் பதியும் மகஜர் எழுதப்பட்டு, உறைமீது முத்திரை இடப்படும். அந்த முத்திரைக்குள் இருக்கும் கல்லின் உரிமை அன்றைக்கு இன்னும் கைமாறவில்லை.

கைப்பற்றிய 6 மாதத்துக்குள், ஏன் பறிமுதல் செய்யக் கூடாது என்று காரணம் கேட்கும் அறிவிப்பை உரியவருக்கு அனுப்ப வேண்டும். உயர் அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிந்து மேலும் 6 மாதம் வரை நீட்டிக்கலாம். அதற்குள்ளும் அறிவிப்பு வராவிட்டால் பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்பதே பொது விதி. இடையில் பிணைப்பத்திரம் பெற்றுக்கொண்டு தற்காலிகமாக விடுவிப்பதற்கு 110அ பிரிவு இடம் தருகிறது. அறிவிப்புக்கு மறுமொழி பெற்று, விசாரித்து, ஆணை பிறப்பித்த பிறகுதான் பறிமுதல். 126ஆம் பிரிவின்படி பொருள் அப்போதுதான் மத்திய அரசின் உடைமையாகிறது.

இந்த இடைவெளியில் நடப்பது என்ன என்பதற்குக் கல்கத்தா வழக்கு ஒன்று நல்ல சான்று. 1955ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கே ரத்தினக் கல் தரகர் ஒருவரின் இடத்தைச் சோதனையிட்ட சுங்கத்துறையினர் 475 வைரங்களையும் செயற்கைக் கல் ஒன்றையும் கைப்பற்றினர். அவ்வாண்டுதான் பழைய கடல் சுங்கச் சட்டத்தில் 178அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டிருந்தது: தங்கம், வைரம், பிற ரத்தினக் கற்கள் முதலியவற்றைக் கடத்தல் பொருள் என்ற நியாயமான நம்பிக்கையில் கைப்பற்றினால், அவை கடத்தப்பட்டவை அல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு, அவற்றை வைத்திருந்தவர் தலையில் விழும். அப்பிரிவு சம உரிமைக்கு மாறானது என்ற வாதத்தை 1957இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. உள்ளங்கையில் அடங்கிவிடும் பொருள், எங்கிருந்து வந்தது என்று தன் மேல் எழுதிக்கொண்டு வராத பொருள் என்பதால் சட்டம் இப்படிப் போயிற்று என்று நான் புரிந்துகொள்கிறேன். இன்றைய 123ஆம் பிரிவிலும் அந்தச் சுமை தொடர்கிறது. ஆனால் அது பெயர் சொல்லிக் குறிப்பவை தங்கமும் கடிகாரங்களும்தான், பிறவற்றை அரசு அறிவிக்கையால் சேர்க்கலாம். கவனிக்க வேண்டியது, இந்தச் சுமை எல்லாம் கைப்பற்றிய பிறகு, பறிமுதலுக்கு முன்னர் சுமக்கப்படுவது. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதிவிட்டால், வணிகர் பட்டியல்களையும் இறக்குமதித் தாள்களையும் எடுத்துக்கொண்டு விசாரணைக்குப் போவது எதற்காக என்பதே வாசகருக்குப் புரியாது.

பறிமுதலுக்குப் பிறகும் பொருள் திரும்பும் வழி ஒன்று இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 125ஆம் பிரிவின்படி, தடைசெய்யப்படாத பொருளானால் பறிமுதலுக்கு ஈடாக ஒரு தண்டத்தைக் கட்டி மீட்டுக்கொள்ள உரியவருக்கு வாய்ப்பளித்தாக வேண்டும். தடைசெய்யப்பட்டதானால் அது அதிகாரியின் விருப்பம். இதை 'மீட்புத் தண்டம்' எனலாம். அபராதம் என்று பொதுவாக எழுதினால், குற்றத்துக்காக ஆளின் மீது விதிக்கும் தனி அபராதத்தோடு அது கலந்துவிடும்.

ஆகவே சோதனை நடந்த மறுநாள் செய்திக்கு 'கடத்தல் ஐயத்தில் ரத்தினக் கற்கள் கைப்பற்றப்பட்டன' என்ற தலைப்பே சரி. பறிமுதல் என்ற சொல்லுக்கு ஆணை வரும் நாள் காத்திருக்கிறது. அன்று அதை எழுத மறந்துவிடுவதுதான் நம் நாளிதழ்களின் வழக்கம்.